கெட்டிக் குண்டு என்று நம்பி வாங்கிய ஒன்பது அங்குலக் குண்டு

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கப்பற்படைக் குண்டுகளைச் சேகரிக்கும் நண்பர்கள், குறிப்பாக விர்ஜீனியாவிலும் கரோலினா மாநிலங்களிலும் நடக்கும் பழம்பொருள் சந்தைகளில் வாங்குகிறவர்கள், இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பணம் போனதற்காக இதை எழுதவில்லை. என் வீட்டுக் கார் கொட்டகையில், என் பிள்ளைகள் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு இரண்டடி தள்ளி, வெடிமருந்து நிரம்பிய குண்டு ஒன்று பத்தொன்பது நாட்கள் இருந்தது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ரிச்மண்ட் நகருக்கு அருகே பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். வந்த இரண்டாம் ஆண்டிலிருந்தே பழைய இரும்புக் குண்டுகளைச் சேர்த்து, துரு நீக்கி, மெழுகு பூசிப் பாதுகாத்து வருகிறேன். அவை பெரும்பாலும் ஆறு பவுண்டு, பன்னிரண்டு பவுண்டுக் கெட்டிக் குண்டுகள், அதாவது உள்ளே குழியோ மருந்தோ இல்லாத முழு இரும்புப் பந்துகள். முப்பத்திரண்டு பவுண்டுக் கப்பல் குண்டு ஒன்றும் உண்டு. அமெரிக்கக் கப்பற்படை அதிகாரி டால்கிரன் வடிவமைத்த ஒன்பது அங்குலக் கப்பற்பீரங்கியின் குண்டு ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1862 மார்ச் 8 அன்று விர்ஜீனியாக் கடலோரத்து ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில், போரில் மூழ்கிய கம்பர்லாண்ட் கப்பல் அந்தவகைப் பீரங்கிகளால்தான் கடைசிவரை சுட்டுக்கொண்டிருந்தது.

சென்ற வசந்த காலத்தில் ஒரு சந்தையில், பல ஆண்டுகளாக மேசை போட்டு விற்கும் ஒருவரிடம் அப்படி ஒரு குண்டைக் கண்டேன். அது கெட்டி இரும்பு என்றும், ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றில் கிடைத்தது என்றும், பதினான்கு மாதங்கள் சோடாக் கரைசலில் மின்சாரம் செலுத்தி, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பை முற்றிலும் எடுத்துவிட்டதாகவும் அவர் உறுதியாகச் சொன்னார். கறுப்பு வண்ணம் ஒரே சீராக இருந்தது. 1,150 டாலர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ரசீதை வாசித்தேன். அதில் 'பழைய இரும்புப் பந்து, அலங்காரப் பொருள், உள்ளது உள்ளபடி' என்று மட்டுமே இருந்தது. வாயால் சொன்ன ஒரு சொல்லும் தாளில் இல்லை.

அன்று இரவே நாடாவைச் சுற்றி அளந்தேன். சுற்றளவு இருபத்தேழரை அங்குலத்துக்குச் சற்று மேல் வந்தது. அதாவது விட்டம் ஏறக்குறைய 8.8 அங்குலம், ஒன்பது அங்குலக் குழலுக்குச் சரியான அளவு. தராசில் 74 பவுண்டு காட்டியது. அந்த அளவுள்ள கெட்டி வார்ப்பிரும்பு தொண்ணூறு பவுண்டைத் தாண்ட வேண்டும் என்பது கணக்குப் போட்டால் எவருக்கும் தெரியும். குறைந்த பதினாறு, பதினேழு பவுண்டு, உள்ளே ஒரு குழி இருப்பதைச் சொல்லியது. விற்றவரைத் தொலைபேசியில் கேட்டபோது, தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும், அதனால் எடை குறையும் என்றார். இந்தப் பதிலில்தான் நான் ஏமாந்தேன், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. உப்பு நீரில் நெடுங்காலம் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்து வெளியேறிவிடும்; உருவம் மாறாமல் கிராஃபைட் கூடு மட்டும் மிஞ்சும். ஆனால் அப்படிப்பட்ட குண்டின் மேற்பரப்பு மென்மையாக இருக்கும். நகத்தால் அழுத்தினாலே தடம் பதியும், விரலில் பென்சில் கரி போல ஒட்டும். என் குண்டில் வண்ணம் உதிர்ந்திருந்த ஓரிடத்தில் நகம் வைத்துப் பார்த்தேன். கல்லைப் போல இருந்தது. அப்போதே நான் காவல் துறையை அழைத்திருக்க வேண்டும். நான் அழைக்கவில்லை.

இன்னொன்றையும் நான் மறந்திருந்தேன். டால்கிரனின் பீரங்கிகள் முதன்மையாக உள்ளீடற்ற மருந்துக் குண்டுகளைச் சுடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. ஆகவே ஒன்பது அங்குலத்தில் ஒரு குண்டு கையில் வந்தால், அது மருந்துக் குண்டு அல்ல என்று நிரூபிக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு. செயலிழக்கச் செய்ததாகச் சொன்னால், மருந்தை வெளியேற்றிய துளையையும் காலியான உட்புறத்தையும் அவர் காட்ட வேண்டும்.

மூன்றாம் வாரம் மழை பெய்தது. மறுநாள் காலை குண்டின் மேல் ஆரஞ்சு நிற நீர்த்துளிகள் வியர்வைபோல அரும்பியிருந்தன. உப்பு உள்ளேயே இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. பதினான்கு மாதச் சோடாக் குளியல் என்பது பொய். (நியூபோர்ட் நியூஸ் கடல்சார் அருங்காட்சியகத்தில், 2002இல் கடலிலிருந்து எடுத்த உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கவசக் கப்பலான மானிட்டரின் சுழலும் பீரங்கிக் கூண்டை எத்தனை ஆண்டுகளாகக் காரக் கரைசலில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு உப்பு எடுப்பது எவ்வளவு மெதுவான வேலை என்று புரியும்.) வண்ணத்தைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று கிரைண்டரில் கம்பித் தூரிகையை மாட்டினேன். பிளக்கைச் சொருகுவதற்கு முன், துளிகள் ஓரிடத்தில் மட்டும் வட்டமாக வரிசை கட்டியிருப்பதைக் கவனித்தேன். எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் அளவுள்ள வட்டம். அதன் ஓரத்தில் வண்ணம் கொப்புளித்திருந்தது. அதன் கீழே சாம்பல் நிறப் பசை. பசை பிளந்த இடத்தில் நெல்முனை அளவுக்கு மஞ்சள் உலோகம் மின்னியது. அது வெண்கலத் திரிமூடியின், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் திரி பொருந்திய மூடியின், விளிம்பு. யாரோ பசை வைத்து அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள்.

தரைப்படைக் குண்டுகளின் மரத் திரிமூடிகள் உளுத்துப்போய் நீர் உள்ளே இறங்கிவிடுவதுண்டு. கப்பற்படையின் உலோகத் திரிமூடியோ, குண்டு அலைமேல் தாவிச் செல்லும்போதும் நீர் புகாதபடி செய்யப்பட்டது. அதனால் உள்ளே இருக்கும் கருமருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் உலர்ந்தே இருக்கக்கூடும். உலர்ந்த கருமருந்துக்கு ஒரு பொறி போதும். 2008 பிப்ரவரியில், எங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள செஸ்டரில், நூற்றுக்கணக்கான குண்டுகளைச் சீரமைத்த அனுபவமுள்ள ஒருவர், இதே ஒன்பது அங்குல, 75 பவுண்டு எடையுள்ள கப்பற்படைக் குண்டில் வேலை செய்யும்போது அது வெடித்து இறந்தார். அதன் துண்டு ஒன்று கால் மைல் தள்ளி ஒரு வீட்டின் முகப்பில் போய் விழுந்தது. அந்தச் செய்தி எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கையில் கிரைண்டருடன் நின்றேன்.

கிரைண்டரைத் தரையில் வைத்துவிட்டு, குண்டைத் தொடாமல் வெளியே வந்து, மனைவியையும் பிள்ளைகளையும் தெருமுனைக்கு அழைத்துச் சென்று காவல் துறையை அழைத்தேன். எங்களைச் சுற்றியிருந்த ஒன்பது வீடுகளைக் காலி செய்தார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி தம் ஆக்சிஜன் உருளையோடு சக்கர நாற்காலியில் வெளியேற்றப்பட்டதை நான் மறக்க மாட்டேன். வெடிகுண்டு நிபுணர்கள் அதை மணல் நிரப்பிய பெட்டியில் எடுத்துச் சென்று அழித்தார்கள். உள்ளே மருந்து இருந்தது, ஈரம் படவில்லை என்று மறுநாள் அதிகாரி ஒருவர் என்னிடம் சொன்னார்.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பொருளைத் திருப்பித் தந்தால் பார்க்கலாம் என்றார், பொருள் அழிக்கப்பட்டுவிட்டது. கடன் அட்டை நிறுவனமும் ரசீதிலுள்ள வாசகத்தைக் காட்டி என் புகாரை ஏற்கவில்லை. காவல் துறையிடம் எழுத்துமூலம் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறேன். விசாரணை நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

எனக்கு விற்ற அன்று அவருடைய மேசையின் அடியில், அதே கறுப்பு வண்ணத்தில், அதே அளவில் இன்னும் இரண்டு குண்டுகள் இருந்தன. மாலைக்குள் அவை விற்றுப்போயின. கடந்த வசந்தத்தில் ரிச்மண்ட் பகுதிச் சந்தையில் அப்படி ஒன்றை வாங்கியவர் நீங்களாக இருந்தால், அதை நகர்த்தாதீர்கள், எடைபோடத் தூக்காதீர்கள், காரில் ஏற்றி யாரிடமும் காட்டக் கொண்டுபோகாதீர்கள். அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்து காவல் துறையை அழையுங்கள்.