"குடற்புழு நீக்கிய ஆடுகள்" என்ற பேச்சை நம்பாதீர்கள், என் 78,000 ரூபாய் போய்விட்டது

ஆடு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். காணொளிகளில் விளம்பரம் செய்து ஆடு விற்கும் ஒரு பண்ணையில் கன்னி இன ஆடுகள் ஆறை 78,000 ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாம் பெட்டை, பருவத்துக்கு வந்தவை. ஒரு வாரம் முடிவதற்குள் நான்கு செத்துவிட்டன. மற்ற இரண்டும் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடக்கின்றன.

விலை பேசும்போது பண்ணைக்காரர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். காது எண் வாரியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி, மருந்தின் பெயர், அளவு எல்லாம் நீல மையில் வரிசையாக எழுதியிருந்தது. "போன வாரம்தான் மருந்து கொடுத்தோம் அண்ணே, மூன்று மாதத்துக்கு நீங்கள் கவலைப்படவே வேண்டாம்" என்றார். எத்தனை பண்ணைகளில் இப்படிக் கணக்கு வைத்திருக்கிறார்கள்? அந்த நோட்டுக்காகத்தான் சந்தை விலைக்கு மேல் கொடுத்தேன்.

வந்த மறுநாளே ஓர் ஆட்டுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கியது. கழிச்சல் இல்லை, புழுக்கை கெட்டியாகத்தான் போட்டது. போன் செய்தேன். "தண்ணீர் மாறியிருக்கிறது, சரியாகிவிடும்" என்றார். அது செத்ததும் "வண்டியில் வந்த அலுப்பு" என்றார். அடுத்தது செத்தபோது "உங்கள் மேய்ச்சல் நிலத்தில்தான் புழு" என்று என் தலையிலேயே போட்டார். இப்போது போனை எடுப்பதே இல்லை.

கால்நடை மருத்துவர் செத்த ஆட்டை அறுத்துக் காட்டினார். நான்காம் இரைப்பை முழுக்க மெல்லிய புழுக்கள், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு கொத்துக் கொத்தாக நெளிந்தன. ரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழு. புல்லோடு உள்ளே போகும் இளம்புழு வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகுமாம். என் நிலத்தில் மேய்ந்த சில நாளில் அவ்வளவு முதிர்ந்த புழு எங்கிருந்து வரும்? ஒன்று, மருந்தே கொடுக்கவில்லை. இல்லையென்றால், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்து அது புழுவுக்குப் பழகிவிட்டிருக்கிறது. எதுவானாலும் எனக்குச் சொன்னது பொய். 78,000 ரூபாய், நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம்!

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மிஞ்சிய இரண்டுக்கும் மருத்துவர் வேறு வகை மருந்தும் இரும்புச்சத்து ஊசியும் கொடுத்திருக்கிறார், அவற்றைப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு இவ்வளவுதான்: பணம் கொடுக்குமுன் ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் வெளுத்திருந்தால் வாங்காதீர்கள். கழிச்சல் இல்லாததால் புழு இல்லை என்று நினைக்காதீர்கள். புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதிக்கும்வரை புது ஆட்டைப் பட்டியில் சேர்க்காதீர்கள். மருந்தைக் கண்மதிப்பில் ஊற்றாமல் எடை பார்த்துக் கொடுங்கள். சினை ஆடு என்றால் மருத்துவரைக் கேட்காமல் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தைக் கொடுக்கவே கூடாது. நோட்டைக் காட்டினால் மருந்து வாங்கிய ரசீதையும் கேளுங்கள்.