சிஐ (வார்ப்பிரும்பு) பைப்ப எடுத்துட்டு பிளாஸ்டிக் போட்டு 4 வருஷம் ஆச்சு, மும்பை செம்பூர்ல இருந்து சொல்றேன்

முலுண்ட்ல இருக்கற சித்தி பொண்ணு நேத்து போன் பண்ணா. அக்கா, எங்க சொசைட்டியிலயும் கழிவுநீர் போற பழைய இரும்புக் குழாயெல்லாம் எடுத்துட்டு பிளாஸ்டிக் போடப் போறாங்களாம், உங்க பில்டிங்ல போட்டீங்களே எப்படி இருக்கு, சரின்னு கையெழுத்து போடட்டுமான்னு கேட்டா. அரைமணி நேரம் பேசியும் முடியல, அதான் முழுசா எழுதிடறேன்.

எங்க பில்டிங் 1970கள்ல கட்டினது. கீழ கடைங்க, மேல 4 மாடி, நாங்க முதல் மாடி. 2021 தீபாவளி முடிஞ்சதும் மூங்கில் சாரம் கட்டி வேலை ஆரம்பிச்சாங்க, சண்டாஸ் (கக்கூஸ்) லைன் 110 மில்லிமீட்டர், கிச்சன், பாத்ரூம் தண்ணிக்கு 75, எல்லாமே எஸ்டபிள்யூஆர்னு சொல்ற கழிவுநீர் பிளாஸ்டிக் பைப்.

சத்தத்தப் பத்திதான் முதல்ல சொல்லணும். மாமியார் ரூம் சுவருக்குப் பின்னாடிதான் டக்ட், அதாவது குழாயெல்லாம் இறங்கற சந்து. கீழ கடை இருக்கறதால மெயின் பைப் நேரா இறங்காது, எங்க தரைக்குக் கொஞ்சம் கீழ வளைஞ்சு பக்கவாட்டுல போகும். நாலாவது மாடியில ஒருத்தர் ஃப்ளஷ் பண்ணா அந்தத் தண்ணி சர்ர்ருன்னு இறங்கி சரியா அந்த வளைவுல தொப்புன்னு மோதும். மாமியாருக்கு 78 வயசு, தூக்கமே கம்மி. ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்துண்டு, ஏம்மா மழை வருது பாரு, துணி வெளிய கிடக்கான்னு கேப்பா. முதல் வருஷம் பூரா, மார்ச் மாசத்துலகூட அவளுக்கு மழை பெஞ்சிண்டே இருந்தது. இரும்புக் குழாய் இருந்த காலத்துல அந்தச் சுவருக்குப் பின்னாடி குழாய் போறதே எங்களுக்குத் தெரியாது.

காரணம் ரொம்ப சிம்பிள், எடைதான். அதே அளவு குழாய்க்கு பிளாஸ்டிக்க விட சிஐ ஏழெட்டு மடங்கு எடை, தண்ணி மோதினாலும் அது அதிராது. பிளாஸ்டிக் குழாயோட சுவர் 3.2 மில்லிமீட்டர் தடிமன்தான், உள்ள நடக்கறதெல்லாம் வெளிய கேக்கும். மட்டமான பைப் போட்டுட்டாங்களோன்னு டார்ச் அடிச்சு குழாய் மேல இருக்கற எழுத்தப் படிச்சோம், ஐஎஸ் 13592 (இந்த பைப்புக்கான இந்திய தரக் குறியீடு), டைப் பி, சண்டாஸ் லைனுக்குப் போட வேண்டியதேதான் போட்டிருக்காங்க. (டைப் ஏ-ன்னு இருந்தா அது மழைத்தண்ணிக்கும் காத்துக் குழாய்க்கும்தான், சுவர் இன்னும் மெல்லிசு, உங்க பில்டிங்ல அத இறக்கினா திருப்பி அனுப்பிடு.)

இது போதாதுன்னு மத்தியானத்துல டிக் டிக்னு இன்னொரு சத்தம் வேற. போன வாரம்தான் அதுக்குக் காரணம் தெரிஞ்சது. குழாயச் சுவரோட பிடிச்சு வைக்கற ஒரு கிளாம்ப் பிடுங்கிண்டு வந்துடுத்துன்னு வேற பிளம்பரக் கூப்பிட்டோம், அவர் பார்த்துட்டு, ரப்பர் ரிங் போட்ட ஜாயின்ட்ல குழாய முழுசா உள்ள தள்ளிட்டு அப்புறம் 10 மில்லிமீட்டர் வெளிய இழுத்து விடணும், இங்க எல்லாத்தையும் முட்ட முட்ட அடிச்சு வச்சிருக்காங்க, குழாய் நீள இடமே இல்லன்னார். 3 மீட்டர் பிளாஸ்டிக் பைப் 20 டிகிரி சூடு ஏறினா ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும், இரும்பு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. வெயில் பட்டு நீளப் பாக்கும், கிளாம்ப் விடாது, அந்த இழுபறிதான் டிக் டிக். ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு ஜாயின்ட்டா இழுத்து விட்டு கிளாம்ப்புக்கு அடியில ரப்பர் வச்சுட்டுப் போனார். டிக் டிக் நின்னுடுத்து. பத்து மில்லிமீட்டர் விடறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், முதல் கான்ட்ராக்டர் அதச் செஞ்சிருந்தா அந்த வயசானவ நாலு வருஷம் கஷ்டப்பட்டிருக்க வேண்டாமேன்னு நினைச்சா இப்பவும் எனக்கு கோபம் கோபமா வருது.

ஆனா பழசு எப்படி இருந்ததுன்னும் சொல்லித்தான் ஆகணும். சணல் திரிச்சு வச்சு ஈயம் காய்ச்சி ஊத்தின ஜாயின்ட்டுங்க அதெல்லாம். வெளிப்பக்கம் பெயின்ட் அடிப்பாங்க, சுவர் பாத்த பக்கம் பிரஷ்ஷே போகாது, அங்கதான் துரு தின்னு ஓட்டை விழுந்திருந்தது. ரெண்டு ஜாயின்ட்ல அரசமரம் முளைச்சு வேர் உள்ள போயிருந்தது. ஜூன் வந்தா பாத்ரூம் சுவர் முழுக்க ஈரம், உப்பு பூத்து பெயின்ட் உதிரும், அந்த நாத்தத்தோட பசங்களுக்கு சாப்பாடு போட்டிருக்கேன். கழட்டின துண்ட எட்டிப் பாத்தேன், நாலு இஞ்ச் குழாய்ல ஒரு ஆரஞ்சுப் பழம் போற ஓட்டைதான் மிச்சம், மீதியெல்லாம் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும். பங்கார்வாலா (பழைய இரும்பு வாங்கறவன்) ரெண்டு டெம்போல ஏத்திண்டு போனான்.

பிளாஸ்டிக் போட்டதுக்கப்புறம் நாலு மழைக்காலம் போயாச்சு, சுவர்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல, ஒரு தடவகூட அடைச்சுக்கல, உள்ள வழவழன்னு இருக்கறதால எதுவும் ஒட்டறதில்ல. கொதிக்கற கஞ்சித் தண்ணிய மட்டும் நேரா சிங்க்ல கொட்டாம ஆற வச்சு ஊத்தறேன், இந்த பிளாஸ்டிக் அந்தச் சூட்டுக்குன்னு செஞ்சது இல்ல. வெயில் படற பக்கம் பெயின்ட் அடிச்சு வைக்கணும், இல்லன்னா சுண்ணாம்பு மாதிரி வெளுத்துடும்.

இவ்வளவு நல்லது சொல்லிட்டு நான் இப்படி சொல்லக்கூடாதுதான். ஆனா ரிப்பேர் முடிஞ்சும் நேத்து ராத்திரி மாமியார் எழுந்து ஜன்னல் கதவ சாத்திண்டிருந்தா, சாரல் அடிக்குதாம். அதனால உனக்கு என் பதில் இதான்: கிச்சன், பாத்ரூம் லைனுக்கு கண்ண மூடிண்டு பிளாஸ்டிக் போடச் சொல்லு, படுக்கற ரூம் பக்கமா இறங்கற சண்டாஸ் லைனுக்கு மட்டும் புது சிஐ போடச் சொல்லி மீட்டிங்ல சண்டை போடு, செலவு ஜாஸ்தின்னு சொன்னாலும் விடாத. முடியவே முடியாதுன்னா, வளைவுல 90 டிகிரி பெண்ட் ஒண்ணு வைக்காம 45 டிகிரி ரெண்டா வைக்கச் சொல்லு, அந்த இடத்த ராக்வூல் (சத்தத்த அடக்கற கல்நார் இல்லாத பஞ்சு மாதிரி) சுத்தி பெட்டி அடிச்சு மூடச் சொல்லு. நானும் ஞாயித்துக்கிழமை எங்க கமிட்டிகிட்ட அதத்தான் கேக்கப் போறேன்.