ஆட்டுத்தோல் பைபிள்: ஆறு மாதம் புழங்கிய பின்

வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வாங்கிய வாரமே எழுத உட்கார்ந்திருந்தால் ஐந்து நட்சத்திரத்தையும் அள்ளிக் கொடுத்திருப்பேன். நல்லவேளை, அப்போது கண்ணாடி உடைந்து கிடந்தது.

பழைய மொழிபெயர்ப்புதான். ஆட்டுத்தோல் அட்டை, பெரிய எழுத்து, பக்க ஓரத்தில் ஒத்தவசனக் குறிப்பு, இயேசு பேசியதெல்லாம் சிவப்பில், மூன்று பக்கமும் தங்கப்பூச்சு, மூன்று நிறத்தில் மூன்று ரிப்பன், மேலே ஜிப் வைத்த உறை. கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. கடைசியில் பார்த்தால் குறை பாதி அவர்களுடையது, பாதி என்னுடையது.

வீட்டில் ஏற்கெனவே நான்கு பைபிள் இருக்கிறது. அம்மாவுடையது ஒன்று. பசை விட்டுப்போய் முன்னும் பின்னும் தாள்கள் உதிர்ந்துவிட்டன. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில்தான் தொடங்கும். உலகத்தை உண்டாக்கியதைக் காணோம், எடுத்ததும் சர்ப்பம்தான். முடிவும் அப்படியே. வெளிப்படுத்தலில் புதிய வானமும் புதிய பூமியும் வருவதற்கு ஒரு தாள் முன்னாலேயே நின்றுவிடும். அம்மா கடைசிவரை அதையேதான் படித்தாள். இல்லாத தாளில் இருந்ததெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எனக்கு அந்த ஞாபகசக்தி இல்லை, கண்ணும் மங்குகிறது, பெரிய எழுத்து வேண்டும் என்று காரணம் சொல்லித்தான் வாங்கினேன். பெரிய எழுத்துக்கு ஆட்டுத்தோல் எதற்கு என்று மகன் கேட்டான். பதில் சொல்லவில்லை.

இனி பொருளுக்கு வருகிறேன். தையல் அருமை. பைபிள் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். முதுகுப்பக்கம் வெறும் பசையா, நூல் போட்டுத் தைத்ததா? நடுவில் திறந்து மேஜையில் வையுங்கள். பசை போட்டது தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும், விடாமல் அழுத்தினால் முதுகு வெடிக்கும். தைத்தது அப்படியே படுத்துக்கொள்ளும். இது ஆதியாகமத்தில் திறந்தாலும் படுக்கிறது, வெளிப்படுத்தலில் திறந்தாலும் படுக்கிறது. தோலும் நல்ல தோல். ஒரு கையில் பிடித்தால் இரண்டு பக்கமும் துவண்டு தொங்கும், ஆனாலும் நழுவாது.

காகிதம் சுமார். அறுபத்தாறு புத்தகம், 1189 அதிகாரம். இவ்வளவையும் தூக்கும் கனத்துக்குள் அடக்கவேண்டுமென்றால் மெல்லிய தாள்தான் வழி. அதனால் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிகிறது. நல்ல அச்சகத்தார் முன்பக்க வரிக்கு நேர் பின்னால் பின்பக்க வரி விழும்படி பொருத்தி அடிப்பார்கள், அப்போது நிழல் கண்ணை உறுத்தாது. இதில் சங்கீதம் முழுக்க அந்தப் பொருத்தம் தவறியிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் இருபத்துமூன்றாம் சங்கீதம் படித்தால் பின்னாலிருந்து இன்னொரு சங்கீதமும் கூடவே வருகிறது.

சிவப்பு எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது பழங்கால வழக்கம் என்றே நினைத்திருந்தேன். இல்லை. 1899ல்தான் லூயி குளோப்ஷ் என்ற பத்திரிகை ஆசிரியர் நியூயார்க்கில் முதல் சிவப்பெழுத்துப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். 'என்னுடைய இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை' என்ற லூக்கா 22ஆம் அதிகார வசனத்திலிருந்து வந்த யோசனை என்பார்கள். என் பிரதியில் அந்தச் சிவப்பு ஒரே சீராக இல்லை. மத்தேயுவில் அடர்த்தி, யோவானுக்கு வரும்போது ரோஸ். இந்த விலைக்கு இது மன்னிக்க முடியாதது.

தங்கப்பூச்சினால் புதுசில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு இழுக்காதீர்கள், கிழியும். ஒவ்வொரு தாளாகப் பிரித்துவிடவேண்டும். எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று. சகரியா, மல்கியா பக்கமெல்லாம் வருஷக்கணக்கில் நான் கை வைக்காத இடம். பிரிக்கிற சாக்கில் அங்கேயும் போய்வந்தேன்.

ஜிப் உறை தண்டம். மூன்றாவது மாதத்திலேயே ஜிப் துருப்பிடித்துவிட்டது. பல் உரசித் தோலில் கோடு விழுந்தது. உறைக்குள் காற்றுப் போகாததால் ஒருநாள் வெள்ளிப்பூச்சி ஒன்று ரூத்திலிருந்து ஓடி சாமுவேலுக்குள் புகுந்தது. 'பூமியிலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்க வேண்டாம். இங்கே பூச்சியும் துருவும் அவைகளைக் கெடுக்கும்; இங்கே திருடரும் கன்னமிட்டுத் திருடுவார்கள்.' அந்த வசனம் அச்சடித்த புத்தகத்துக்கே பூச்சியும் வந்தது, துருவும் வந்தது. திருடன் மட்டும்தான் பாக்கி. சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டு ஓடிப்போய் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வாங்கிவந்து அலமாரியில் வைத்தவளும் நான்தான்.

மெல்ல மெல்ல அதைப் படிப்பதைவிடப் பாதுகாப்பதே வேலையாகிவிட்டது. பென்சில் கோடு போட மனம் வரவில்லை. மழை என்றால் ஆலயத்துக்குப் பழையதை எடுத்துப்போனேன். தினமும் காலையில் அம்மாவின் பைபிளில் படித்துவிட்டு, புதியதைத் துணியால் துடைத்து வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். பழக்கமில்லாதவர். லூக்கா 12 வாசிப்பு. 'அம்மா, எழுத்து பெருசா இருக்கே, கொஞ்சம் தாங்க, நானும் பாத்துக்கிறேன்' என்று கை நீட்டினார். முழங்கால் வலிக்குத் தைலம் தடவிய கை, வாடையே வந்தது. நான் பைபிளைக் கொடுக்கவில்லை. நடுவில் பிடித்துக்கொண்டு, அவர் பார்க்கிற மாதிரி சாய்த்தேன், விரல் படாத தூரத்தில். அவருக்குப் புரிந்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டார். ஆலயத்தில் அப்போது வாசித்துக்கொண்டிருந்தது, 'என் களஞ்சியங்களை இடித்து, பெரிதாகக் கட்டி' என்று தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அந்த ஐசுவரியவானின் கதை. 'மதிகேடனே' என்று தேவன் அவனைக் கூப்பிடும் வரி என் கையில் சிவப்பாக இருந்தது.

பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த துறவி ஜெரோம் 384ல் யூஸ்டோக்கியம் என்ற இளம்பெண்ணுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தோலுக்கு ஊதாச் சாயம் ஏற்றுகிறார்கள், பொன்னை உருக்கி எழுத்தாக்குகிறார்கள், புத்தகத்துக்கு இரத்தினம் பதிக்கிறார்கள், கிறிஸ்துவோ அவர்கள் வாசலிலே நிர்வாணமாகச் செத்துக்கொண்டிருக்கிறார் என்று அதில் சொல்கிறார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்பே என் பைபிளுக்கு விமரிசனம் எழுதியாகிவிட்டது. எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. அதே கடிதத்தில் தன் கதையையும் சொல்கிறார். வீடு, உறவு, நல்ல சாப்பாடு எல்லாவற்றையும் பரலோகராஜ்யத்துக்காக விட்டவர், சிசரோ மாதிரி பழைய ரோம எழுத்தாளர்களின் புத்தகங்களை மட்டும் விடமுடியாமல் கூடவே சுமந்து போனார். காய்ச்சலில் ஒரு கனவு. நியாயாசனத்தின் முன் நிற்கிறார். யார் நீ என்றால், கிறிஸ்தவன் என்கிறார். 'பொய், நீ சிசரோவின் ஆள். உன் பொக்கிஷம் எங்கேயோ அங்கேதான் உன் இருதயமும்' என்று தீர்ப்பு, அடி வேறு.

எகிப்து வனாந்தரத்துத் துறவி தியடோர் ஒருவர். அவரிடம் இருந்ததே மூன்று நல்ல புத்தகம். தானும் படித்தார், சகோதரர்களுக்கும் இரவல் கொடுத்தார். வைத்திருக்கலாமா என்று மூத்த துறவி மக்காரியுவைக் கேட்டார். நல்ல காரியம்தான், ஆனாலும் ஒன்றும் இல்லாமலிருப்பதே எல்லாவற்றிலும் மேல் என்றார் பெரியவர். தியடோர் மூன்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். இரவல் கொடுத்தவருக்கே அந்தப் பதில். நான் தொடக்கூட விடவில்லை.

நான் விற்கவில்லை. விற்கும் தைரியம் எனக்கு இல்லை என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். அடுத்த ஞாயிறு பாட்டிக்குப் பக்கத்தில் நானாகப் போய் உட்கார்ந்தேன். பைபிளை அவர் மடியிலேயே வைத்துவிட்டேன். தங்க ஓரத்தைப் பார்த்து, 'இவ்வளவு அழகா இருக்கே, வேணாம்மா, அழுக்காயிடும்' என்றார். ஆகட்டும் பாட்டி என்றேன். அதற்குப் பிறகு வாராவாரம் அவர் மடியில்தான் இருக்கிறது. நான் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கண் மங்கியவர்கள் பெரிய எழுத்தையும் தைத்த கட்டையும் பார்த்து வாங்குங்கள், சாதாரண அட்டையே போதும். தங்கப்பூச்சு வேண்டாம். ஜிப் உறை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தையலுக்காக மூன்று நட்சத்திரம்.

இன்னொன்று, தைலம் பட்ட இடத்தில் இந்தத் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. லூக்காவில் ஒரு கட்டைவிரல் அளவுக்குப் பின்பக்கத்து எழுத்து அப்படியே தெரிகிறது. துடைத்தால் போகாது, துடைத்துப் பார்த்துவிட்டேன்.