ராயபுரத்துலேர்ந்து பாண்டிக்கு, ஃபேமிலியா ஸ்கூபா

நாங்க ராயபுரம், பொறந்ததுலேர்ந்து காசிமேட்டு கடல பாக்குறோம், ஆனா உள்ள எப்படி இருக்கும்னு இந்த மே லீவுல பாண்டிலதான் மொதமொறையா பாத்தோம். ஸ்கூபான்னா முதுகுல காத்து டேங்க் மாட்டிக்கிட்டு கடலுக்குள்ள முங்குறது, அந்த சென்டர்ல மொதல்ல நீச்சல்குளத்துல ப்ராக்டிஸ் குடுத்தாங்க, காது அடைச்சா மூக்கப் பிடிச்சு மெதுவா ஊதணும், மூச்ச மட்டும் அடக்கவே கூடாது, ஏன்னா 10 மீட்டர் ஆழத்துலயே அழுத்தம் ரெண்டு மடங்கு ஆயிடுது, மூச்சடக்கிக்கிட்டு மேல வந்தா உள்ள இருக்கற காத்து விரிஞ்சு நுரையீரல்ல அடிபடும்னு என் 11 வயசு பொண்ணுக்கே புரியுற மாதிரி சொன்னாரு மாஸ்டர். சின்னவனுக்கு 7 வயசு, எவ்ளோ அழுதும் விடல. அது கரெக்ட்.

மச்சானுக்கு ஈட்டி வெச்சு மீன் பிடிக்கணும்னு ஆசை, டேங்க் போட்டுக்கிட்டு அதெல்லாம் விடமாட்டோம்னு கறாரா சொல்லிட்டாங்க, எனக்கு அது ரொம்ப பிடிச்சுது. மூச்சடக்கி முங்குறவனுக்கு ஒரு முங்குக்கு ஒரு மீன் கெடச்சா பெருசு, டேங்கோட போனா பாறை இடுக்குல இருக்கற களவா மீனுக்கு தப்பிக்க வழியே கெடையாது.

ஒரே கொற, படகுல நெழலே இல்ல, அம்மாவுக்கு வாந்தி, குடிக்க தண்ணி கூட கேட்டாதான் குடுத்தாங்க, வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க தொப்பி, தண்ணி பாட்டில் எல்லாம் நீங்களே எடுத்துக்குங்க.