அவுட்லுக் ஓயாமல் கடவுச்சொல் கேட்டால்: பழையதை அழிப்பதா, புதிய புரொஃபைலா?

சரியான கடவுச்சொல்லைத்தான் தட்டுகிறீர்கள். அவுட்லுக் சற்றுத் தயங்கிவிட்டு அதே பெட்டியை மறுபடியும் நீட்டுகிறது. இதற்கு அலுவலகங்களில் இரண்டு வைத்தியங்கள் புழங்குகின்றன. ஒன்று, விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் பழைய கடவுச்சொல்லை அழிப்பது. மற்றொன்று, புதிய புரொஃபைல் (கணக்கு விவரங்களை அவுட்லுக் சேர்த்து வைக்கும் தொகுப்பு) அமைப்பது. ஐ.டி. பிரிவினர் பலர் எடுத்த எடுப்பிலேயே இரண்டாவதற்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எதையும் தொடுவதற்கு முன், அதே கடவுச்சொல்லை வைத்து பிரவுசரில் அஞ்சலைத் திறந்து பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் அவுட்லுக்கின் மீது பழி போட வேண்டாம். கடவுச்சொல் காலாவதியாகியிருக்கலாம், கணக்கு பூட்டப்பட்டிருக்கலாம்.

பிரவுசரில் திறந்துவிட்டது, கடவுச்சொல்லை அண்மையில்தான் மாற்றினீர்கள் என்றால் முதல் வழியே போதும். அவுட்லுக்கை மூடிவிட்டு, கன்ட்ரோல் பேனலில், கடவுச்சொற்களை விண்டோஸ் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பட்டியலில் ஆபீஸ், அவுட்லுக் பெயரில் உள்ள பதிவுகளை மட்டும் நீக்க வேண்டும். சில நிமிட வேலை. ஒரு மடலும் தொலையாது. ஆனால் ஃபைல் சர்வர், ரிமோட் டெஸ்க்டாப் கடவுச்சொற்களும் அதே பட்டியலில்தான் இருக்கும். மொத்தமாகத் துடைத்துவிட்டால் தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

புதிய புரொஃபைலுக்கு விலை அதிகம். எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அலுவலக அஞ்சல் சர்வர்) கணக்கு என்றால் அஞ்சல்பெட்டி மறுபடி இறங்க வேண்டும். கையொப்பக் கோப்புகள் கணினியில் தங்கும். எந்தக் கணக்குக்கு எந்தக் கையொப்பம் என்பதை மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். மடல்களைக் கணினிக்கே இறக்கி வைக்கும் பாப் (POP) கணக்கில்தான் உண்மையான கலவரம். பழைய மடல்கள் கணினியில் உள்ள பி.எஸ்.டி. (.pst) என்ற அவுட்லுக் கோப்பில் பத்திரமாக இருந்தாலும் புதிய புரொஃபைல் வெறுமையாகத் திறக்கும். அந்தக் கோப்பை இணைத்துக் காட்டும்வரை பயனருக்கு உயிர் போய்விடும். புரொஃபைலே பழுதாகியிருந்தால் இதைத் தவிர வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் பழைய எக்ஸ்சேஞ்ச் அமைப்புகளில், 'எப்போதும் கடவுச்சொல் கேள்' என்ற ஒரு டிக் அடையாளத்தை எடுத்துவிட்டாலே தீரும் சிக்கலுக்கும் புதிய புரொஃபைல் போடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரண்டுமே பலிக்காத இடங்களும் உண்டு. பயனர்பெயர், கடவுச்சொல் இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபர் முதல் படிப்படியாக நிறுத்தியது. அதற்குப் பதிலாக வந்த புதிய உள்நுழைவு முறை அவுட்லுக் 2010-க்குத் தெரியவே தெரியாது. அவுட்லுக் 2013-க்கு, விண்டோஸின் உள்ளமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியில் மாற்றம் செய்தால்தான் தெரியும். அவுட்லுக் 2016 முதல் தானாகவே தெரியும். பெட்டியின் தோற்றமே இதைக் காட்டிக்கொடுக்கும்: இணையப் பக்கம் போன்ற உள்நுழைவுத் திரை வந்தால் புதிய முறை, விண்டோஸின் சிறிய பெட்டி வந்தால் பழைய முறை. மைக்ரோசாஃப்ட் 365 கணக்குக்கு அந்தச் சிறிய பெட்டி வந்தால் எத்தனை புரொஃபைல் போட்டாலும் பயனில்லை.

அவுட்லுக்கில் திறக்கும் ஜிமெயில் கணக்குக்கு, வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதிலாக கூகுள் உருவாக்கித் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு என்ற மாற்று வழி இருக்கிறது. அதற்கு இருபடிச் சரிபார்ப்பு இயக்கத்தில் இருக்க வேண்டும். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியதும் அந்த ஆப் பாஸ்வேர்டு செல்லாமல் போய், பெட்டி மறுபடி தலைகாட்டும். பழைய மென்பொருளை விட முடியாதவர்கள் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

புதிய புரொஃபைல் அமைக்கும்போதே பெட்டி வந்தால், அதில் எந்தச் சர்வரின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அஞ்சல் மைக்ரோசாஃப்டிடம் இருக்கும்; நிறுவனத்தின் இணையதளம் வேறொரு ஹோஸ்டிங்கில் இருக்கும். அவுட்லுக் உங்கள் மின்னஞ்சல் முகவரியின் டொமைனிடம் (@-க்குப் பின் வரும் பெயர்) விசாரிக்கும்போது அந்த ஹோஸ்டிங் சர்வர் முந்திக்கொண்டு பதில் சொல்லி, தன்னிடம் இல்லாத கணக்குக்குக் கடவுச்சொல் கேட்கும். நீங்கள் தட்டுவது சரிதான், கேட்பவர்தான் தவறானவர். அழிப்பதும் புதிதாக அமைப்பதும் இங்கே வீண்வேலை. தங்கள் பக்கத்தில் ஆட்டோடிஸ்கவரை (அவுட்லுக்குக்கு அஞ்சல் அமைப்புகளைத் தானாகச் சொல்லும் வசதி) அணைக்குமாறு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.