எட்டு மீட்டர் இரும்பு நடைபாலம்: ஒரு வெல்டிங் பட்டறையின் வேலை குறித்து

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்தின் நடுவே ஓடும் பள்ளத்தின் மேல் இரும்பு நடைபாலம் அமைக்கும் வேலையை, உள்ளூர் வெல்டிங் பட்டறை ஒன்றிடம் ஒப்படைத்திருந்தோம். நீளம் 8 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், கடைக்காலோடு சேர்த்து 1,40,000 ரூபாய். சொன்ன நாளுக்கு முன்பே முடித்துக் கொடுத்தார்கள். கைப்பிடிக் கம்பிகளின் நேர்த்தியிலும் பச்சைப் பெயின்ட்டின் வழவழப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாழைமரம் கட்டி, தேங்காய் உடைத்து, அம்மிச்சி ரிப்பன் வெட்டிய சற்று நேரத்தில், புகைப்படத்துக்காக 18 பேர் நடுப்பகுதியில் கூடி நின்றபோது அந்தப் பாலம் நடுவில் மடிந்து பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது.

முழங்கால் அளவுத் தண்ணீரும் சேறும் இருந்ததால் பெரிய காயம் எவருக்கும் இல்லை. மாமாவுக்குக் கணுக்கால் பிசகியது. பித்தளைத் தாம்பாளத்தை மறுநாள்தான் சேற்றிலிருந்து எடுத்தோம்.

அன்று மாலை வந்த பட்டறைக்காரர், "ஒரே சமயத்துல இத்தன பேரு ஏறுனா எப்படிங்க தாங்கும்?" என்றார். இந்தக் கேள்விக்குக் கணக்கில் பதில் இருக்கிறது. சாலை, பாலங்களுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் (Indian Roads Congress) விதிகள், பாலங்களில் ஆட்கள் நடக்கும் பகுதிகளைச் சதுர மீட்டருக்கு 400 கிலோ பாரத்தையும், கூட்டம் நெருக்கும் இடங்களில் 500 கிலோவையும் தாங்குமாறு வடிவமைக்கச் சொல்கின்றன. தோட்டத்துப் பாலத்துக்கு அந்த விதி கட்டாயமா என்ற வாதத்தை விட்டுவிட்டு, குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும், எங்கள் பாலத்தின் 9.6 சதுர மீட்டர் பரப்புக்கு 3,840 கிலோ வருகிறது. ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால் 18 பேரின் எடை 1,080 கிலோதான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

உண்மையான பிழை முறிந்த இடத்திலேயே தெரிந்தது. பாலத்தைத் தாங்கும் இரும்பு விட்டமான சேனலை முழுநீளத்தில் வாங்காமல் நான்கு மீட்டர்த் துண்டுகளை, அதுவும் வளைவு விசை மிக அதிகமாக விழும் நட்டநடுவில், இணைப்புத் தகடு எதுவும் வைக்காமல் ஒட்டியிருந்தார்கள். முறிந்த வாயை அருகில் வைத்துப் பார்த்தபோது, வெல்டிங் மேல்தோலில் மட்டும் படிந்திருந்தது. இரண்டு இரும்புகளுக்கும் இடையே பச்சைப் பெயின்ட் உள்வரை இறங்கிக் காய்ந்திருந்தது. பெயின்ட் அடிக்கும்போதே அங்கே இடைவெளி இருந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஒப்படைக்கும் முன் மணல் மூட்டைகளை அடுக்கி ஓரிரவு விட்டிருந்தால், மூட்டைகளோடு போயிருக்கும்.

மெக்சிகோவின் குவெர்நவாகா நகரில் 2022 ஜூன் 7 அன்று, புதுப்பித்துத் திறந்த தொங்கு நடைபாலம் மேயரையும் விருந்தினர்களையும் சேர்த்துக்கொண்டு ஓடையில் விழுந்த காணொளியை நாங்களும் பார்த்துச் சிரித்தவர்கள்தாம். திறப்பு விழா அன்றுதான் பாலத்தின் மேல் முதன்முறையாகக் கூட்டம் நிற்கிறது என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

பட்டறைக்காரர் தொலைபேசியை எடுக்காமல் ஓடி ஒளியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாதித் தொகையைத் திருப்பித் தந்தார். மீதிக்கு மீண்டும் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னதை மறுத்துவிட்டோம். கேட், ஜன்னல் கிரில், மாட்டுக்கொட்டகைக் கூரை ஆகியவற்றுக்கு அவரிடம் தாராளமாகப் போகலாம். எங்கள் கேட்டும் அவர் செய்ததுதான். ஆட்கள் ஏறி நிற்கும் எதையும் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் அவரிடம் கொடுக்க வேண்டாம். நாங்கள் இப்போதைக்குப் பழைய தென்னைமரப் பாலத்தின் மேல்தான் பள்ளத்தைக் கடக்கிறோம், ஒவ்வொருவராக.