அழிந்த வாட்ஸ்அப் சாட்: மெமரி கார்டைத் தோண்டுவதா, ராத்திரி 2 மணி பேக்கப்பை எடுப்பதா?

சாட் அழிந்துவிட்டது என்றால் காரைக்குடிப் பக்கம் பலரும் முதலில் செய்வது, மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு மொபைல் கடைக்கு ஓடுவது. என் ஆச்சியும் அதைத்தான் சொன்னார். தேவகோட்டையில் கல்யாணப் பலகாரம் செய்து கொடுக்கிறவர் அவர். சிங்கப்பூர் வீடு ஒன்றின் ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்பில் பேசியது. மணகோலம் எத்தனை கிலோ, சீப்புச் சீடை எத்தனை, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது என்று எல்லாம் அதில்தான் இருந்தது. போனில் இடம் போதவில்லை என்று பேரப்பிள்ளைகள் யாரோ அந்த சாட்டையே துடைத்துவிட்டார்கள். "கார்டுல கெடக்கும்ல தம்பி, எடுத்துக் குடு" என்றார்.

கார்டில் கிடக்காது. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் தன் சாட்டை வைப்பது போனின் உள் நினைவகத்தில். அதைக் கார்டுக்கு மாற்றும் வசதியே வாட்ஸ்அப்பில் இல்லை. ஃபைல் மேனேஜரில் 'எஸ்டி கார்டு' என்று ஒரு பாதை தெரிவதைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது பழைய காலத்துப் பெயர், அவ்வளவுதான். உள் நினைவகத்தில் அழித்ததைத் தோண்டலாமே என்றால், ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த போன்கள் தொடங்கி அங்கே எல்லாம் பூட்டிய நிலையில் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேருக்கு அந்த வேலை ஆகாது.

அதற்காகக் கார்டைத் தோண்டுவது வீண் என்று சொல்லவில்லை. படத்துக்கும் குரல் பதிவுக்கும் அது நல்ல வழி. இடம் காலி செய்ய யாராவது படங்களைக் கார்டுக்கு நகர்த்தி வைத்து, பிறகு அங்கேயும் அழித்திருந்தால், உண்மையில் அழிந்தது பட்டியலில் இருந்த பெயர்தான். அதன்மேல் புதிதாக எதுவும் எழுதப்படும் வரை படம் அங்கேயே கிடக்கும். உடனே கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் போட்டு, அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரான ரெக்குவாவோ ஃபோட்டோரெக்கோ ஓட்டி, மீட்டதைக் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும். கார்டிலேயே சேமித்தால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதியது போலாகும். இரண்டுமே இலவசமாகக் கிடைப்பவை. ஃபோட்டோரெக்கில் ஒரு சங்கடம், ஃபைலின் பழைய பெயர் வராது. கண்டாங்கிச் சேலைப் படமும் காலை வணக்கப் படமும் வெறும் எண்களாக வந்து குவியும், உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான். கார்டை 'உள் நினைவகமாக' ஃபார்மேட் செய்து போட்டிருந்தால் அதுவும் பூட்டியிருக்கும், வேறு எங்கே செருகினாலும் படிக்க முடியாது.

ஆச்சிக்கு வேண்டியது படம் இல்லை, எழுத்து. அதனால் நான் எடுத்த வழி வாட்ஸ்அப்பே போனில் போட்டு வைக்கும் பேக்கப்.

தினமும் ராத்திரி 2 மணிக்கு வாட்ஸ்அப் ஒரு பிரதி எடுக்கிறது. கடந்த 7 நாள் வரைக்குமான பிரதிகள் போனிலேயே இருக்கும். உள் நினைவகத்தில் ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸ்அப் என்று உள்ளே போனால் டேட்டாபேஸஸ் என்ற ஃபோல்டர். அதில் தேதி போட்ட ஃபைல்கள் இருக்கும். பெயரின் கடைசியில் கிரிப்ட்14 அல்லது கிரிப்ட்15 என்று முடியும். தேதி இல்லாத ஒன்று கடைசிப் பிரதி. செவ்வாய் மத்தியானம் சாட் அழிந்தது என்றால், செவ்வாய் அதிகாலைப் பிரதியில் அது பத்திரமாக இருக்கும். அடுத்த செவ்வாய் வரை தள்ளிப்போட்டால் போய்விடும். அன்று காலை வந்து அன்றே அழிந்த செய்தி எந்தப் பிரதியிலும் இருக்காது.

எந்த வழி நல்லது என்று தீர்மானிப்பதில், சாட் வருமா வராதா என்பதை விட, பழையதை எடுத்த பிறகு இன்றைக்குத் திரும்ப முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பழைய பிரதியை ஏற்றினால் போன் அந்த நாளுக்கே போய்விடும். அதற்குப் பிறகு வந்த மற்ற ஆர்டர்கள் காணாமல் போகும். ஒன்றை மீட்க நாலைத் தொலைக்க ஆச்சி ஒத்துக்கொள்வாரா?

ஆகவே முதலில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட் பேக்கப் போய் இன்றைய நிலையையும் ஒரு பிரதி எடுக்க வேண்டும். பிறகு வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுசாகக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டவே கூடாது. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யும்போது அந்த ஃபோல்டரும் சேர்ந்து போய்விடலாம். அப்புறம் அன்இன்ஸ்டால் செய்து, திரும்ப இன்ஸ்டால் செய்து, திறப்பதற்கு முன்பே ஃபோல்டரைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். இன்றைய பிரதியை வேறு பெயருக்கு மாற்றி, வேண்டிய நாளின் ஃபைல் பெயரிலிருந்து தேதியையும் அதை ஒட்டிய 1-ஐயும் நீக்கி, தேதியில்லாத ஃபைலின் பெயரே எழுத்துப் பிசகாமல் அமையும்படி செய்ய வேண்டும். கடைசியில் இருக்கும் 14, 15 எண்ணைத் தொடக் கூடாது. அதே நம்பரில் ஓடிபி போட்டு 'ரீஸ்டோர்' கொடுத்தால் பழைய சாட் வரும். கூகுள் டிரைவ் பேக்கப் குறுக்கே வந்து நின்றால், போனிலிருந்து கூகுள் கணக்கைக் கொஞ்ச நேரம் எடுத்துவிடுங்கள்.

வந்ததும் அந்த ஒரு சாட்டைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து, எழுத்து ஃபைலாக மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட வேண்டும். படம் இல்லாமல் 40,000 செய்தி வரை போகும். பிறகு அதே வேலையைத் திருப்பிச் செய்து இன்றைய பிரதியை ஏற்றினால், போன் பழையபடி இன்றைக்கு வந்து நிற்கும். நடுவில் வரும் செய்திகள் இரண்டு பக்கமும் இல்லாமல் போகும் என்பதால் ராத்திரி 11 மணிக்கு மேல் உட்காருவது நல்லது. சிங்கப்பூரில் அப்போது ஒன்றரை மணி, யாரும் ஆர்டர் பேச மாட்டார்கள். ஓடிபியை அடுத்தடுத்துக் கேட்டால் வாட்ஸ்அப் காத்திருக்கச் சொல்லும், அந்தப் பொறுமையும் வேண்டும்.

கூகுள் டிரைவ் பேக்கப்பில் இருப்பது ஒரே ஒரு பிரதி. புதியது ஏறினால் பழையது போச்சு. வாரம் ஒரு முறை என்று வைத்திருப்பவருக்கு அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். என்ட்-டு-எண்ட் பூட்டுப் போட்டு பாஸ்வேர்டை மறந்திருந்தால் வாட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது.

ஆண்ட்ராய்டு 11-இல் வந்த நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி 24 மணி நேரத்துக்குள் வந்த அறிவிப்புகளைக் காட்டும். எதிரில் இருப்பவர் அழித்த செய்தியைப் பார்க்க அது உதவும், முன்கூட்டியே ஆன் செய்திருந்தால் மட்டும். 'ஒரு கிளிக்கில் எல்லாம் திரும்பும்' என்று காசு கேட்கும் ஆப்களை நான் போனுக்குள் விடவில்லை. கடையில் கொடுப்பதிலும் எனக்குத் தயக்கம்தான். பேங்க் ஓடிபி வரும் போனைத் திறந்து கொடுத்துவிட்டு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. ஐபோனில் நான் கை வைத்ததில்லை. இங்கே சொன்னது எல்லாம் ஆண்ட்ராய்டுக்கு.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு பக்கம் அழிந்தாலும் மறு பக்கத்தில் சாட் இருக்கும். சிங்கப்பூர்க்காரரையே 'எக்ஸ்போர்ட்' செய்து அனுப்பச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. ஆச்சிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "வெலையப் பேசி முடிச்சிட்டு, கணக்க நீங்களே சொல்லுங்கன்னு நான் எப்படிப்பா அவுககிட்டப் போய்க் கேக்குறது?"